மாவின் விளிம்பில் ஒரு குடும்பம்

பேசாமலேயே இந்த அவையை அடக்கி அமர்த்தியிருக்கும் தலைவர் அவர்களே, எங்கள் மருத்துவமனையின் முன்னாள் பெரிய டாக்டரம்மா அவர்களே. நரை கண்ட பின்னும் என்னை 'வண்டிக்காரி' என்றே வாய் நிறைய அழைக்கிற பெரியோர்களே. பெற்ற தாய்மார்களே, பெறாத பிள்ளைக்கும் பால் காய்ச்சிய தாய்மார்களே. சமையற்கூடத்துச் சகோதரர்களே, சலவைக்கூடத்துச் சகோதரிகளே, துறைமுகத்துத் தோழர்களே, பட்டறைத் தோழர்களே. நாற்காலி காலியாக இருந்தும் உட்கார மனமில்லாமல் சுவரோரம் நிற்கிற உறவுகளே. எல்லோருக்கும் முன்னால், ஓட்டிய பேருந்தைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு ஓடிவந்த அன்றைக்கு உடுத்திய சீருடையை இன்னும் மாற்றாமல் அமர்ந்திருக்கிற, தாயை இழந்த என் கண்ணே, உனக்கும் சேர்த்து என் வணக்கம்.

தம்பி, அந்த ஒலிபெருக்கியைக் கொஞ்சம் உயர்த்தி வைங்க. பின்னால கேக்குதா? கேக்குதாம்.

கேட்கிறது என்கிறீர்கள். நல்லது. ஆனால் இன்று நாம் கூடியிருப்பது, தன் வாழ்நாளில் ஒரு சொல்லைக்கூடக் கேட்டறியாத ஒருத்திக்காக. கடல் தந்தவள் அவள். கடல் கொண்டது போக மிஞ்சியவள் அவள். நாம் 'பிறை' என்று அழைத்த அந்தப் பெண்மணியின் உடல், நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், முற்றத்துக்கு அப்பாலுள்ள சிறிய அறையில் வெள்ளைத் துணிக்குள் அமைதியாகக் கிடக்கிறது. நாளைக் காலை அவளை எடுத்துச் செல்கிறோம். எங்கே எடுத்துச் செல்கிறோம், ஏன் அங்கே எடுத்துச் செல்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன். அழுவதற்கு ஏறவில்லை. அழுகை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இளையவர்களுக்குத் தெரியாது. செல்பேசி என்ற சொல்லே பிறக்காத காலம் அது. பிழைப்புத் தேடிப் பல நாட்டு மக்களை ஏற்றிக்கொண்டு வந்த கப்பலொன்று நம் கரைக்கு எட்டும் தூரத்தில் கவிழ்ந்தது. யார் யார் ஏறினார்கள், எங்கே ஏறினார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் கப்பலோடு போய்விட்டார்கள். கரை ஒதுங்கியவர்களை எந்த வண்டி கிடைத்ததோ அந்த வண்டியில் ஏற்றி, எந்த ஊரில் படுக்கை இருந்ததோ அந்த ஊருக்கு அனுப்பினார்கள். தாய் ஓர் ஊரில், பிள்ளை ஓர் ஊரில். உயிர் ஓர் ஊரில், உடல் ஓர் ஊரில். அப்படி நம் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களில், சாக்குத் துணியில் சுற்றப்பட்டு, கண் மட்டும் திறந்திருந்த ஒரு பெண் இருந்தாள்.

நான் அப்போது சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவள். இப்போது மாலை போட்டு மேடையில் ஏற்றிவிடுகிறீர்கள். அன்று என் மேடை நாலு சக்கரமும் நாற்பது தட்டும். அதில் ஒரு சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே வரும். நான் வருவது அடுத்த தெருவுக்கே தெரியும். நோயாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவள் ஒருத்தியைத் தவிர. திமிர் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் என் கை தவறி அடுக்குத் தட்டுகள் அத்தனையும் அவள் தலைமாட்டில் விழுந்தன. வார்டே அதிர்ந்தது. அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். என்னைத் திட்ட வந்தவர் திட்டவில்லை. அவளருகே போய்க் காதோரம் விரல் சொடுக்கிவிட்டுத் தோளைத் தொட்டார்; அவள் திரும்பிக் கைகளால் எதையோ சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "இவளுக்குக் காதே கேக்கலம்மா. இப்ப போனதில்ல, கை பேசறதப் பாத்தா பிறந்ததுல இருந்தே கேக்கலன்னு தோணுது" என்றார்.

துறைமுகத்திலிருந்து மொழி தெரிந்தவர்கள் எத்தனை பேர் வந்திருந்தார்கள் தெரியுமா? ஒவ்வொருவரும் தன் மொழியில் கேட்டார், அம்மா நீ யார், எந்த ஊர் என்று. கேளாத செவியில் எந்த மொழி நுழையும்? காது கேளாத பிள்ளைகளின் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார், கையால் பேசினார். பிறையின் கைகளும் பேசின. ஆனால் அவை பேசியது எந்தப் பள்ளியிலும் பயின்ற பேச்சு அல்ல; அவள் வீட்டார் அவளுக்காகக் கட்டிய பேச்சு. ஒரு குடும்பத்துக்கு மட்டுமே புரிகிற மொழி. அந்த ஆசிரியை கண்கலங்கி, "இவங்க வீட்டாளுங்க யாராவது வந்தாத்தான் இவங்க சொல்றது புரியும். வீட்டாளுங்க யாருன்னு இவங்க சொன்னாத்தான் தெரியும். நான் என்னங்க செய்யறது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் சாப்பிடவில்லை. கஞ்சி வைத்தால் ஆறிப்போகும். ரொட்டி வைத்தால் காய்ந்துபோகும். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. உடம்பு நாளுக்கு நாள் கரைந்தது.

ஒரு மதியம், மெல்லிய ரொட்டியும் மசித்த உருளைக்கிழங்கும் வைத்துவிட்டு நகர்ந்தேன். திரும்பி வந்து தட்டை எடுத்தபோது கிழங்கைக் காணவில்லை. ரொட்டி பாதியாக மடிந்திருந்தது. அடடா, கிழங்கை உள்ளே வைத்து மடித்திருக்கிறாள். மடித்ததோடு விடவில்லை. விளிம்பை ஓரத்திலிருந்து ஓரம் வரை கட்டைவிரலால் ஒதுக்கி ஒதுக்கி, கயிறு திரித்ததுபோல் பின்னியிருக்கிறாள். வெந்த ரொட்டியைப் பிசைய முடியுமா, பின்ன முடியுமா? ஆங்காங்கே கிழிந்திருந்தது. ஆனாலும் அந்த விரல்கள் என்ன செய்ய நினைத்தன என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

தட்டை அப்படியே சமையற்கூடத்துக்குக் கொண்டு போனேன். எங்கள் தலைமைச் சமையல்காரரை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எதை வாயில் வைத்தாலும் முதல் சொல் 'உப்பு கம்மி' என்பதுதான். அதனால் உப்பண்ணன் என்றே பெயர் நின்றுவிட்டது. அவர் அந்த ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

"அந்தக் காது கேக்காத பொண்ணுண்ணே."

"சும்மா கை பரபரப்புக்கு மடிச்சதில்ல இது. நெதமும் செஞ்சு பழகுன கை. எந்த ஊர்ல இப்படி மடிப்பாங்க?"

"எனக்கென்ன தெரியும்? உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு சமோசா தெரியும். அது முக்கோணம். இதுக்கு மேல தெரியாது. தெரிஞ்சவங்க இந்த ஊர்ல இல்லாமலா போயிடுவாங்க?"

அன்பார்ந்தவர்களே, அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. உலகத்தில் எங்கெல்லாம் மாவு உண்டோ, எங்கெல்லாம் பசி உண்டோ, அங்கெல்லாம் ஒரு தாய் மாவைத் தட்டி, உள்ளே எதையோ வைத்து, ஓரத்தை ஒட்டியிருக்கிறாள். வயலுக்குப் போகிறவன் கையில் கொடுக்க, சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் பையில் வைக்க, கடலுக்குப் போகிறவன் மடியில் கட்ட. மாவு ஒன்றுதான், மடிப்பு வேறு. நெருப்பு ஒன்றுதான், நிறம் வேறு. பிரித்துப் பார்க்காமலே ஓரத்தைப் பார்த்து ஊரைச் சொல்லலாம் என்று அன்றைக்கு எங்களில் யாருக்குத் தெரியும்?

டாக்டரம்மா அனுமதி கொடுத்தார். நம் துறைமுகத் தெருக்களில் எந்த நாட்டுக்காரர் இல்லை? சுமை தூக்குகிறவர், முடி வெட்டுகிறவர், துணி தைக்கிறவர், இரும்பு ஒட்டுகிறவர் என்று ஒவ்வொரு வீட்டுக் கதவையும் நானும் உப்பண்ணனும் தட்டினோம். "உங்க ஊர்ல மாவுக்குள்ள காரமா ஏதாவது வெச்சு மடிச்சுச் செய்வீங்களா? ஒரு நாலு செஞ்சு குடுங்க." வேறெதுவும் கேட்கவில்லை. ஏன் என்று சொன்னோம். அவ்வளவுதான், அத்தனை வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

முதலில் தையல்காரர் மனைவி சமோசா கொண்டுவந்தார். கூம்பாகச் சுருட்டி, மூடி, எண்ணெயில் பொரித்தது. பிறை அதன் மூன்று மூலையையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் படுக்கைக்காரிக்குக் கொடுத்தாள். அடுத்து முடிதிருத்துபவர் வந்தார். கையில் தாம்பாளம் போல் ஒன்று; அதற்குப் புரெக் என்று பெயர். உள்ளங்கை தெரியும்படி மாவை மெல்லிசாக இழுத்து, பாலாடைக்கட்டி தூவிச் சுருட்டி, சுருள் சுருளாய்ச் சுற்றி ரொட்டி அடுப்பில் சுட்டது. வார்டு வாசலிலேயே அவர் அறிவித்துவிட்டார்: "எழுதி வெச்சுக்குங்க, இதுதான். உலகத்துல இருக்கிற அத்தனை மடிப்புப் பண்டத்துக்கும் இதுதான் அம்மா." பிறை அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மெல்லத் தலையசைத்தாள். இல்லை. பாவம், மனிதர் முகம் விழுந்துவிட்டது. உப்பண்ணன் அவரைத் தோளில் தட்டி, "அம்மா இல்லன்னா அத்தையா இருக்கட்டும், விடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

சிரியுங்கள், சிரியுங்கள். அவளும் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தாள்.

மாலுமி ஒருவரின் துணைவியார் பிரோஷ்கி கொண்டுவந்தார். புளிக்கவைத்த மாவில் முட்டைக்கோசை வைத்து, ஓடம்போல் இரு முனையும் கூர்மையாகச் செய்தது; கையில் எடுத்தால் பஞ்சு. இல்லை. இன்னொருவர் வெண்ணெயைக் குளிரக் குளிர மாவில் உதிர்த்துப் பிசைந்து, இறைச்சியும் கிழங்கும் அடைத்து, கனத்த விளிம்பு வைத்துச் சுட்டு வந்தார். பிறை அந்த விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஓட்டிய விரல் பாதியில் நின்றது. இல்லை. ஒவ்வொரு 'இல்லை'யும் எங்கள் நெஞ்சில் ஒரு கல்லாக இறங்கியது. ஆனால் ஒன்று நடந்தது. நாங்கள் கவனிக்கவே இல்லை, டாக்டரம்மாதான் கவனித்தார். வேண்டாம் என்று தள்ளியதிலும் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். ஊர் ஊராகத் தேடிய தேடலில் ஊட்டமும் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு பட்டறையில் இரும்பு ஒட்டுகிறவர் தம் மனைவியோடு வந்தார். அந்த அம்மாளின் துணிப்பொதியில் எம்பனாடா இருந்தது. அரைவட்டம், ஓரத்தில் கயிறு திரித்த பின்னல், முகம் பொன்னாய்ச் சிவந்திருந்தது. பிறை அதை இரண்டு கையாலும் வாங்கினாள். முகர்ந்தாள். பிட்டாள். உள்ளே இறைச்சி, அவித்த முட்டை. முகம் வாடியது, தலை அசைந்தது, இல்லை என்று. ஆனால் கை விடவில்லை. அதுவரை எல்லாவற்றையும் பக்கத்துப் படுக்கைக்குக் கொடுத்தவள், அதை மார்போடு வைத்துக்கொண்டு, பின்னிய விளிம்பை மட்டும் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு படுக்கையிலிருந்து இறங்கினாள். வந்த நாளிலிருந்து இறங்காதவள் இறங்கினாள். என் சாப்பாட்டு வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தள்ளு என்று எனக்குச் சைகை காட்டினாள்.

தள்ளினேன். மூச்சிரைக்க மூச்சிரைக்க அவள் நடந்தாள். நேராகச் சமையற்கூடம்.

உப்பண்ணன் எதுவும் கேட்கவில்லை. மேடையைத் துடைத்து மாவை எடுத்து வைத்தார். வெந்நீரில் உப்பைக் கரைத்து, உருக்கிய கொழுப்பை ஊற்றி, அவள் மாவைப் பிசைந்த அழகை என்னென்று சொல்வேன். அடித்துப் பிசைந்தாள், அணைத்துப் பிசைந்தாள், ஈரத்துணி போர்த்தி உறங்கவைத்தாள். வெங்காயம் வேண்டும் என்பதைக் கண்ணில் நீர் வடிவதுபோல் விரலால் காட்டிக் கேட்டாள். உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகு, இறைச்சி இல்லை. டப்பா மூடியால் வட்டம் வெட்டினாள். நடுவில் பூரணம், ஓரத்தில் நீர், ஒரு மடிப்பு. பிறகு அந்தக் கட்டைவிரல் ஓடியது, ஓட ஓடக் கயிறு பிறந்தது. அந்தப் பிறை வடிவத்தைப் பார்த்து அன்று அவளுக்கு வைத்த பெயர்தான் பிறை.

நான்கு பிறைகள் செய்தாள். முதலாவது பெரியது, அதன் முதுகில் கத்தி நுனியால் இரண்டு கீறல் போட்டாள். இரண்டாவதன் நடுவில் மாவை உருட்டி ஒரு பொட்டு ஒட்டினாள். மூன்றாவது மிகச் சிறியது. அதற்கு மட்டும் மிளகு போடாத பூரணத்தைத் தனியே எடுத்து வைத்திருந்தாள். அதன் ஒரு முனையைக் கிள்ளிக் குருவி மூக்குபோல் கூராக்கினாள். நான்காவதில் எந்தக் குறியும் இல்லை.

எதற்கு இத்தனை குறி என்று விழித்தோம். இரும்பு ஒட்டுகிறவரின் மனைவிதான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "எங்க மலைக்கு அந்தப் பக்கத்துல இப்படித்தான் செய்வாங்க. வீட்டுல யாருக்கு எதுன்னு அடையாளம். அடுப்புல ஒண்ணாப் போட்டாலும் அவங்கவங்களது அவங்கவங்களுக்குப் போகணும்ல."

பிறை அவர் வாயைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தாள். இரண்டு கீறல் போட்டதைத் தொட்டு, தன் தலைக்கு மேலே கையை உயர்த்தினாள். பொட்டு வைத்ததைத் தொட்டு, தன் தோளில் கையை வைத்தாள். குருவி மூக்கைத் தொட்டு, தன் இடுப்புக்குச் சற்றுக் கீழே கையை வைத்தாள். அங்கேயே வைத்திருந்தாள். குறியில்லாததைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

கணவன். மகன். சின்னஞ்சிறு பிள்ளை ஒன்று.

அவையோரே, அதுவரை நாங்கள் அவளை ஒருத்தி என்று நினைத்திருந்தோம். அவள் ஒருத்தி அல்ல. அவள் ஒரு குடும்பம். வாயில்லாமல், மொழியில்லாமல், மாவின் விளிம்பில் தன் வீட்டையே எழுதி எங்கள் முன் வைத்தாள். டாக்டரம்மா மாவு மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நினைவிருக்கிறதா அம்மா? வெள்ளைக் கோட்டில் மாவு படிந்ததா, மாவு மூட்டையில் கண்ணீர் படிந்ததா என்று உப்பண்ணன் பிறகு கேலி செய்வார். அன்றைக்கு யாரும் கேலி செய்யவில்லை.

யாரும் உரிமை கோராத பிள்ளைகள் எந்தெந்த ஊர்க் காப்பகங்களில் இருக்கிறார்கள் என்று துறைமுக அலுவலகத்தார் தேடிச் சொன்னார்கள். நல்ல மனிதர்கள், தங்கள் வண்டியையே கொடுத்தார்கள். பிறை மூன்று விதமாகவும் செய்து பெரிய தகரப்பெட்டி நிறைய அடுக்கினாள். தானும் வருவேன் என்று செருப்பைத் தேடினாள். நெஞ்சில் நீர் கோத்திருந்த நிலையில் அந்தப் பயணம் அவளைக் கொன்றுவிடும் என்று டாக்டரம்மா இரண்டு கையாலும் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்பும் வரை சன்னலில் அவள் முகம் தெரிந்தது.

ஒரு காப்பகம், இரண்டாவது காப்பகம். பசித்த பிள்ளைக்கு எந்தப் பண்டம் பிடிக்காது? எல்லாம் கை நீட்டின, எல்லாம் தின்றன, எல்லாம் இன்னும் கேட்டன. அவர்களில் அவள் பிள்ளை எது என்று எப்படிச் சொல்வது? போகப் போகப் பெட்டி இறங்கியது, என் நெஞ்சும் இறங்கியது. விதத்துக்கு ஒன்றாக மூன்றை மட்டும் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கடைசியாகப் போன இடத்தில், காப்பாளர் அம்மாள் சொன்னார்: "ஒரு பொண்ணு இருக்கு. நாலு வயசு இருக்கும். பேசவே மாட்டேங்குது. கூப்பிட்டா திரும்பிப் பாக்குது, காது நல்லா கேக்குது, வாய் மட்டும் தொறக்கல. கையை கையை ஆட்டுது. எங்களுக்குப் புரியல."

கையை ஆட்டுகிறதாம். அந்தப் பிள்ளை எங்கே என்று கேட்டேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தது அந்தப் பிள்ளை. நான் தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். மூன்றையும் கலைத்து வைத்தேன். குழந்தை எட்டிப் பார்த்தது. கை நீண்டது. குருவி மூக்கை எடுத்தது.

எடுத்துத் தின்றிருந்தால், பசி என்று நினைத்திருப்பேன். தின்னவில்லை. மடியில் வைத்துக்கொண்டது. பிறகு இரண்டு கீறல் போட்டதை எடுத்து ஒரு பக்கம் வைத்தது. பொட்டு வைத்ததை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தது. நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தது. பிறகு தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தது.

காத்திருந்தது, ஐயா. அப்பாவும் அண்ணனும் வந்து உட்காரட்டும், சேர்ந்து தின்னலாம் என்று, வாசலையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வார்டு வாசலில் இறக்கி விட்டேன். பிறை பார்த்தாள். எழுந்து ஓடிவந்து அள்ளிக்கொள்வாள் என்று எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டு நின்றோம். அவள் ஓடிவரவில்லை. பிள்ளையைப் பார்த்தாள்; பிறகு பிள்ளைக்குப் பின்னால் பார்த்தாள். இன்னும் யார் வருகிறார்கள் என்று பார்த்தாள். நான்தான் நின்றேன். எனக்குப் பின்னால் வண்டி ஓட்டியவர் நின்றார். அவருக்குப் பின்னால் வெறும் தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்தை அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் பிள்ளை ஓடிப் போய் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டுவிட்டது. அப்போதுதான் குனிந்தாள். அவள் தொண்டையிலிருந்து ஓர் ஓசை வந்தது. தன் ஓசையைத் தானே கேட்காத ஒருத்தியின் அழுகையை நான் அதுவரை கேட்டதில்லை; அதற்குப் பிறகும் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

கிடைத்ததைக் கொண்டாடுவதா, கிடைக்காததற்கு அழுவதா? ஒரே மடியில் இரண்டும் கிடந்தால் ஒரு தாய் எதை முதலில் எடுப்பாள்?

உடல் தேறிய பின், கரை ஒதுங்கிய உடல்களைத் துறைமுகத்தில் எடுத்து வைத்திருந்த படங்களை டாக்டரம்மா அவளுக்குக் காட்டினார். மகனை அடையாளம் காட்டினாள். கணவன் எந்தப் படத்திலும் இல்லை. இரும்பு ஒட்டுகிறவரின் மனைவி தம் நாட்டுக்குச் சொல்லியனுப்பி விசாரித்தார். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்கள் சண்டையில் காலியாகி, மக்கள் திசைக்கொருவராய்ச் சிதறிப்போனதாகத்தான் பதில் வந்தது. போவதற்கு வீடில்லை. ஆக, இந்த மருத்துவமனையின் சமையற்கூடமே அவளுக்கு வீடானது.

அதன் பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அவள் கையால் தின்றவர்கள். தனக்காகப் பண்டம் சுமந்து வந்த அத்தனை வீட்டுக்கும் அவள் போனாள். அத்தனை மடிப்பையும் கற்றாள். சமோசாவின் கூம்பு வந்தது, புரெக்கின் சுருள் வந்தது, பிரோஷ்கியின் ஓடம் வந்தது. முடிதிருத்துபவர், "இப்ப ஒத்துக்கறாளா, இதுதான் அம்மான்னு?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். மொழி புரியாத நோயாளி எவர் வந்து படுத்தாலும், பிறை ஒரு தட்டில் நாலைந்து விதம் வைத்துக்கொண்டு போய் நிற்பாள். அவர் கண் எதில் நிற்கிறது என்று பார்ப்பாள். நின்றதைப் பார்த்ததும் திரும்பி என்னைப் பார்த்து விரலால் சொல்வாள். நான் அந்த நாட்டுக்காரரைத் தேடி ஓடுவேன். ஒரு கிழ மாலுமி, யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், முட்டைக்கோசு பிரோஷ்கியைக் கையில் வாங்கியதும் பேச ஆரம்பித்தார். யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை. பிறை பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முடிக்கும் வரை தலையாட்டிக் கேட்டாள். கேட்கவே முடியாதவள்தான் கேட்டாள்.

வாரம் ஒரு முறை தன் மலைநாட்டுப் பண்டத்தைச் செய்வாள். எவ்வளவு செய்தாலும் முதலில் அந்த நான்கு. மகளுடையதை மகளுக்குக் கொடுப்பாள். தன்னுடையதைத் தான் தின்பாள். மற்ற இரண்டையும் ஒரு துணியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வருவாள். யாருமில்லாமல் தனியாக உட்கார்ந்து, உள்ளே கிடக்கிறவருக்காகக் காத்திருக்கும் இரண்டு பேரைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

என்ன அங்கே? சத்தமாச் சொல்லுங்க. "எனக்குக் குடுத்தாங்க, என் தம்பி ஆபரேஷன் அன்னிக்கு" என்கிறார் அந்தப் பெரியவர். அதில் கீறல் இருந்ததா, பொட்டு இருந்ததா ஐயா? "பொட்டு." கேட்டுக்கொள்ளுங்கள். அவர் தின்றது அவள் மகனின் பங்கு. இந்த மண்டபத்தில் இன்னும் எத்தனை பேர் அவளுக்கு மகனாக, எத்தனை பேர் அவளுக்குக் கணவனின் இடத்தில் பசியாறியவர்களாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இப்போது, நாளைக்கு வருகிறேன்.

கப்பலில் மாண்டவர்களில் அடையாளம் தெரியாதவர்களைத் துறைமுகத்துக்கு மேலே ஒரு மேட்டில் அடக்கம் செய்தார்கள். அவள் மகனும் அங்கேதான் இருக்கிறான். முகம் தெரியாமல் கரை சேர்ந்தவர்களில் ஒருவராக அவள் கணவரும் அங்கே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த மேட்டில் புதிதாக யாரையும் வைப்பதில்லை என்பது ஏற்பாடு. மகள் போய்க் கேட்டாள். பொறுப்பிலுள்ள அதிகாரி மென்மையாகத்தான் மறுத்தார். "அது அன்னிக்குக் கடல்ல போனவங்களுக்கான எடம்மா. உங்க அம்மா பொழச்சவங்க இல்லையா?" என்றார்.

நேற்று நம் தலைவர் அவர்கள், அந்த டாக்டரம்மாதான், நடக்க முடியாத காலோடு, படியேறிப் போனார். அதிகாரியின் முன் நின்றார். ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார் என்று உடன் போனவர்கள் சொன்னார்கள். "அவளும் அந்தக் கப்பல்ல வந்தவதான், கொஞ்சம் தாமதமா வர்றா, அவ்வளவுதான்." அந்த அதிகாரி எழுந்து நின்றாராம். இன்று காலை அனுமதி வந்துவிட்டது.

ஆகவே நாளைக் காலை அவள் தன் வீட்டாரிடம் போகிறாள். பேருந்து ஓட்டுகிறவர்கள் வாருங்கள், பட்டறைக்காரர்கள் வாருங்கள், சமையற்கூடம் முழுதும் வாருங்கள். மொழி தெரிந்தவர்கள் வாருங்கள், தெரியாதவர்களும் வாருங்கள். அவளுக்காக எந்த மொழியும் வேண்டியதில்லை. நடக்க முடிந்தவர்கள் நடந்து வாருங்கள், முடியாதவர்களைத் தாங்கிக்கொண்டு வாருங்கள். அனாதையாய் வந்தவளை ஊராய்க் கூடி அனுப்புவோம். முகம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கி வைத்த அந்த மேட்டிலே, ஒரு முகத்தையாவது நம் எல்லாரும் அறிந்த முகமாகக் கொண்டுபோய் வைப்போம்.

ஒன்று மிச்சமிருக்கிறது. கல்லில் என்ன பெயர் பொறிக்க வேண்டும் என்று சிற்பி கேட்டனுப்பினார். நான் பிறை என்று சொல்லிவிடலாம் என்றேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதை அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

"பிறைங்கறது நீங்க வெச்ச பேரு அத்தை. நல்ல பேருதான். ஆனா அவங்களைப் பெத்தவங்க வெச்ச பேரு ஒண்ணு இருந்திருக்கும். அது எனக்குத் தெரியாது. எனக்கு அப்ப நாலு வயசு. வீட்டுல எல்லாரும் கையாலதானே கூப்பிடுவோம்."

"அப்ப என்னம்மா போடறது?"

"அம்மான்னு போடுங்க. நான் வாயால ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்ல அத்தை. கூப்பிட்டாலும் கேக்காதேன்னு கூப்பிடவே இல்ல. கல்லுலயாவது இருக்கட்டும்."

அதைத்தான் பொறித்திருக்கிறார்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கும் தாய்மார்களுக்கும், பேச நேரம் தந்த தலைவர் அவர்களுக்கும் என் நன்றி. காலையில் மேட்டில் சந்திப்போம். வணக்கம்.